ஒரே கடற்கரை, இரண்டு பாம்புப் பெட்டிகள்: வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து செய்யும் வேலை

இரண்டு பெட்டிகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாவது, நவம்பர் மாதப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறையில் இருக்கிறது. கண்ணாடித் தொட்டியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் பூத்திருக்கிறது. கீழே பரப்பிய தேங்காய் நார்த்தூளில் வெள்ளைப் பூசணம். உள்ளே இருப்பது பால் பைத்தான், பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சிறிய ஆப்பிரிக்க மலைப்பாம்பு. அதைத் தூக்கிப் பார்த்தால் அடிவயிற்றுச் செதில்களில் பழுப்பாகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். இரண்டாவது பெட்டி கடலூர் மஞ்சக்குப்பத்தில், இரவெல்லாம் ஏசி ஓடும் படுக்கையறையில். அதுவும் பால் பைத்தான்தான். ஆனால் அதன் சட்டை முழுசாகக் கழலவில்லை. பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்வதுபோலத் துண்டு துண்டாக உரிகிறது.

இரண்டு ஊருக்கும் நடுவே இருபத்தைந்து கிலோமீட்டர்கூடக் கிடையாது. இரண்டு பேரும் ஒரே வெளிநாட்டுக் கையேட்டைத்தான் பின்பற்றுகிறார்கள்: சூடான பக்கம் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26, ஈரப்பதம் 60 சதவீதம், தினமும் இரண்டு முறை தண்ணீர் தெளி. அந்தக் கையேட்டை எழுதியவருடைய வீடு குளிர்நாட்டில் இருக்கிறது. அங்கே அறை 20 டிகிரி, ஹீட்டர் ஓடுவதால் காற்று வறண்டது. சூடும் ஈரமும் சேர்ப்பதுதான் அங்கே வேலை. நம் கடலோரத்தில் வருடத்தில் பல மாதங்களுக்கு வேலை தலைகீழ். அதனால் பெட்டியை அளப்பதற்கு முன்னால் அறையை அளக்க வேண்டும். ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

எந்தப் பாம்பைப் பற்றிப் பேசுகிறோம்

நல்லபாம்பு, சாரை, மண்ணுளி, நம் மலைப்பாம்பு எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம். தோட்டத்துக்குள் சாரை வந்தால் வனத்துறைக்குச் சொல்லவேண்டியதுதான்.

இங்கே பேசுவது கூண்டில் பிறந்த வெளிநாட்டு இனங்களைப் பற்றி. அந்தச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. சைட்டிஸ் என்ற பன்னாட்டு வணிக உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள உயிரினங்களுக்கு அதில் தனி அட்டவணை உண்டு. அவற்றை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது. ஏற்கெனவே வளர்த்து வந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. மலைப்பாம்புக் குடும்பம் மொத்தமும் அந்தப் பட்டியலில் இருப்பதால் பால் பைத்தானும் இதற்குள் வரும். அமெரிக்காவைச் சேர்ந்த, விஷமில்லாத கார்ன் ஸ்நேக் அந்தப் பட்டியலில் இல்லை. பதிவு வேண்டிய பாம்புக்குத் தாளைக் காட்டாத விற்பனையாளரிடம் விலையே பேச வேண்டாம்.

குளிர் இரத்தம் என்ற தப்பான சொல்

பாம்பைக் குளிர் இரத்தப் பிராணி என்று பள்ளியில் படித்திருப்போம். வெயிலில் காய்ந்த பாம்பின் இரத்தம் நம் இரத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான சூட்டில் இருக்கலாம். விஷயம் என்னவென்றால், அந்தச் சூட்டை அதன் உடம்பு தானாக உண்டாக்கிக்கொள்ளாது, வெளியிலிருந்து வாங்கும். சூடு வேண்டுமென்றால் வெயிலுக்கு நகரும், போதும் என்றால் வளைக்குள் போகும். இப்படி நகர்வதுதான் அதன் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டை அளவோடு வைக்கும் கருவி.

இதன் விளைவுகள் நேரடியானவை. விழுங்கிய எலி செரிக்கச் சூடு வேண்டும். சூடு போதாவிட்டால் எலி வயிற்றிலேயே அழுகி, இரண்டு மூன்று நாளில் வாந்தியாக வெளியே வரும். நோயை எதிர்க்கும் சக்தியும் சூட்டைப் பொறுத்தது. மறுபக்கம், சூடு எல்லை தாண்டினால் தப்பிக்க ஒரே வழி நகர்வதுதான். பெட்டியில் நகர இடமில்லை என்றால் தப்பிக்கவும் வழியில்லை. அதனால் ஒரு முனை சூடாகவும் ஒரு முனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும், இரண்டிலும் பதுங்க ஓர் இடம் வேண்டும். வழக்கமாகச் சொல்லும் அளவுகள் இவை:

1. பால் பைத்தான்: சூடான முனை 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த முனை 25 முதல் 27, ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம்.
2. கார்ன் ஸ்நேக்: சூடான முனை 29 முதல் 32, குளிர்ந்த முனை 22 முதல் 25, ஈரப்பதம் 40 முதல் 60.

கார்ன் ஸ்நேக்கின் குளிர்ந்த முனையைக் கவனியுங்கள். மே மாதப் புதுச்சேரியில் ஏசி இல்லாமல் 25 டிகிரி எங்கே கிடைக்கும்? முதல்முறை வளர்ப்பவர்களுக்கு ஏற்ற பாம்பு என்று அதைச் சொல்லி விற்கிறார்கள். இந்த ஊர் வெயிலில் அந்தப் பேச்சு எடுபடாது.

ஈரப்பதம் 60 என்றால் எதில் 60?

குழப்பத்தின் வேர் இங்கேதான். மீட்டரில் தெரியும் சதவீதம் காற்றில் உள்ள நீரின் அளவைச் சொல்வதில்லை. இந்தச் சூட்டில் இந்தக் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்று சொல்கிறது. காற்று சூடானால் அந்தக் கொள்ளளவு பெருகும். ஒரு கன மீட்டர் காற்று 24 டிகிரியில் சுமார் 22 கிராம் நீராவியைத் தாங்கும். 26 டிகிரியில் 24 கிராம். 32 டிகிரியில் 34 கிராம். சின்னக் குடத்தில் முக்கால் இருக்கும் தண்ணீரைப் பெரிய குடத்தில் ஊற்றினால் அரைக் குடம் ஆகிவிடுவது போலத்தான்.

இப்போது அந்த இரண்டு பெட்டிகளுக்குக் கணக்குப் போடலாம்.

1. முத்தியால்பேட்டை, நவம்பர். அறை 26 டிகிரி, ஈரப்பதம் 85. ஒரு கன மீட்டரில் சுமார் 20 கிராம் நீர். அதே காற்று பெட்டியின் சூடான முனையில் 32 டிகிரிக்கு ஏறும்போது 34இல் 20, அதாவது ஏறத்தாழ 60 சதவீதம். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளிக்காமலே கையேடு கேட்ட அளவு வந்துவிட்டது. அதற்கு மேல் தினம் இரண்டு முறை தெளித்தால் அந்த நீர் போக இடமில்லாமல் கண்ணாடியில் பூக்கிறது, நார்த்தூளில் தங்குகிறது, பாம்பின் வயிற்றடியில் நிற்கிறது.
2. மஞ்சக்குப்பம், ஏசி அறை. ஏசியின் குளிர்ந்த கம்பிச்சுருளில் காற்றின் ஈரம் நீராகி, பின்பக்கக் குழாய் வழியே வெளியே சொட்டிவிடுகிறது. அறை 24 டிகிரி, ஈரப்பதம் 50 என்று வைத்துக்கொண்டால் கன மீட்டருக்கு 11 கிராம்தான் மிச்சம். அது 32 டிகிரிக்கு ஏறினால் 34இல் 11, அதாவது 32 சதவீதம். வாசலில் கடற்காற்று பிசுபிசுக்கிறது, பெட்டிக்குள்ளே பாலைவனம்.

இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். சூடாக்கினால் சதவீதம் இறங்கும், குளிரவைத்தால் ஏறும். வெப்பத்தைத் தொடாமல் ஈரத்தையோ, ஈரத்தைத் தொடாமல் வெப்பத்தையோ மாற்ற முடியாது. மீட்டர் எந்த முனையில் இருக்கிறது என்று சொல்லாமல் "என் பெட்டியில் 70 காட்டுகிறது" என்று ஒருவர் சொன்னால் அந்த 70ஐ வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர்

முள் வைத்த வட்ட மீட்டர்கள் மலிவு. பத்து, பதினைந்து சதவீதம் தப்பாகக் காட்டுவதும் சகஜம். டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்கி முனைக்கு ஒன்றாக, பாம்பு படுக்கும் உயரத்தில் வையுங்கள். மூடியில் ஒட்டிய மீட்டர் மூடியைப் பற்றித்தான் சொல்லும். மூன்றாவது மீட்டர் அறைக்கு. இந்தச் செலவு வீண் என்று சிலருக்குத் தோன்றும். என் கணக்கில் மூன்றில் முக்கியமானதே இதுதான்.

மீட்டர் சரியா என்று பார்க்கச் சமையலறை உப்பு போதும். ஒரு மூடியில் தூள் உப்பைப் போட்டு, சேறு பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் மூடிவையுங்கள். ஈர உப்புக்கு மேலே உள்ள காற்று 75 சதவீதத்தில் நிலைக்கும். மீட்டர் 81 காட்டினால், அது 6 கூட்டிச் சொல்கிறது என்று அர்த்தம். கல் உப்பு வேண்டாம். மரக்காணம் உப்பளத்துக் கல் உப்பில் மக்னீசிய உப்புகளும் கலந்திருக்கும். அவை இன்னும் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுத்துக் கணக்கைக் கெடுத்துவிடும்.

அடைமழையில் தூள் உப்பு ஜாடி கசிந்து கட்டிதட்டுவதற்கும் இதே 75தான் காரணம். ஜாடி கசிகிறது என்றால் அறை அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. அன்றைக்குப் பாம்புப் பெட்டியில் தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை.

சூடு தரும் கருவியும் ஈரமான கம்பியும்

ஹீட் மேட் (தொட்டியின் அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பு), செராமிக் ஹீட்டர், ஹாலஜன் விளக்கு என்று எதை வைத்தாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மின்சாரத்தில் சொருகக் கூடாது. கட்டுப்பாடில்லாத ஹீட் மேட் தோலைச் சுடும் அளவுக்குப் போகும். கீழிருந்து வரும் சூட்டிலிருந்து பாம்பு உடனே விலகுவதில்லை. வயிறு வெந்த பிறகும் அங்கேயே படுத்திருக்கும். சூடாகும் செயற்கைக் கல் என்று விற்பதை வாங்கவே வேண்டாம்.

தெர்மோஸ்டாட் இருந்தும் விபத்து நடக்கும் ஒரு வழி உண்டு. சூட்டை அளக்கும் அதன் உணர்கம்பி ஹீட் மேட்டின் மேலே கிடக்கிறது. பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்க்கிறது, அல்லது நாம் தெளித்த நீர் அதன்மேல் விழுகிறது. ஈரம் ஆவியாகும்போது கம்பி குளிர்கிறது. கருவிக்கு அது 28 டிகிரியாகத் தெரிகிறது. மேட்டை விடாமல் ஓட்டுகிறது. கம்பிக்கு இரண்டு அங்குலம் தள்ளி மேட்டின் சூடு 40ஐத் தாண்டியிருக்கலாம். ஆகவே கம்பியை மேட்டுக்கும் தொட்டியின் வெளி அடிக்கும் இடையே ஒட்டிவிடுங்கள், தண்ணீர் படாது, பாம்பும் நகர்த்தாது. அப்புறம் உள்தரையின் சூட்டை வேறொரு வெப்பமானியால் பார்த்துத் தெர்மோஸ்டாட்டின் அளவை அமையுங்கள். மேட்டுக்கு மேலே நார்த்தூளைக் கனமாகப் போட்டால் சூடு மேலே வராமல் அடியிலேயே தேங்கும். அந்தப் பக்கம் மெல்லிய பரப்பு போதும்.

வெயில் காலம்: குளிர்ந்த முனை காணாமல் போகும் மாதங்கள்

ஏப்ரலிலிருந்து ஜூலை வரை இந்தக் கடலோரத்துப் பிரச்சினை ஹீட்டர் இல்லை. அதன் பிளக்கைப் பிடுங்கிவிடலாம். அறையே 34 டிகிரி என்றால் பெட்டியில் இரண்டு முனையும் 34தான்; பாம்பு எங்கே போகும்? 35ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும், 38க்கு மேல் ஆபத்து, 40இல் சில மணிநேரம் என்றால் உயிரே போகலாம்.

மின்விசிறி போட்டால் ஆயிற்று என்று நினைக்கிறோம். விசிறிக்கடியில் நமக்குக் குளிர்வது வியர்வை ஆவியாவதால். பாம்புக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. 36 டிகிரிக் காற்றை எவ்வளவு வேகமாக வீசினாலும் அதற்கு அது 36 டிகிரிதான்.

ஆவியாதல் வேறு வழியில் உதவும், நேரம் பார்த்தால். கடலூர்க் கடலோர மணலில் விளையும் வெட்டிவேரில் தட்டி கட்டி, நனைத்துச் சன்னலில் தொங்கவிடும் பழக்கம் தெரிந்ததுதான். மேற்கிலிருந்து அனல்காற்று வறண்டு வீசும் முற்பகலில் அது நன்றாகக் குளிரவைக்கும். கடற்காற்று திரும்பிய பிறகு காற்றே ஈரமாக இருப்பதால் தட்டியிலிருந்து நீர் சுலபமாக ஆவியாகாது; குளிர்ச்சியும் குறையும், அறையின் ஈரம் மட்டும் ஏறும். ஏர் கூலரின் கதையும் அதே. ஆக, அனல்காற்றுக்குத் தட்டி. கடற்காற்று வந்ததும் தட்டியை எடுத்துவிட்டுச் சன்னலைத் திறந்துவிடுவது.

பெட்டி இருக்கும் இடம் கருவிகளைவிட முக்கியம்:

1. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம். பகலெல்லாம் குடித்த வெயிலைக் காங்கிரீட் இரவு பத்து மணிவரை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய புதுச்சேரி வீட்டுக் கீழ்த்தளம் பாம்புக்குச் சொர்க்கம். அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.
2. உள்சுவரை ஒட்டித் தரைமட்டத்தில் வையுங்கள். அலமாரியின் மேல்தட்டுக்கும் தரைக்கும் இடையே ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் இருக்கும்.
3. நேர் வெயில் படும் சன்னலோரம் கண்ணாடித் தொட்டிக்குக் கூடவே கூடாது. மூடி நிறுத்திய காருக்குள் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும், இன்னும் வேகமாக.
4. மிக மோசமான நாளில், உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே ஒரு முனையில் சாய்த்து வையுங்கள். அந்தப் பக்கம் ஒரு குளிர்ந்த முனை பிறக்கும். உள்ளே வைத்தால் ஈரம் சேரும்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை நோக்கிப் போனால், மாமல்லபுரம் தாண்டி வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் தொடங்கியது. உரிமம் பெற்று, மருந்துக்கு விஷம் எடுக்கப் பிடித்துவரும் பாம்புகளை அவர்கள் மண்பானையில்தான் வைக்கிறார்கள்: அடியில் மணல், வாயில் காற்றுப் புகும் பருத்தித் துணி. மண்பானை மெதுவாகத்தான் சூடேறும், ஈரத்தைக் குடித்து மெதுவாக விடும். வீட்டுப் பெட்டிக்கும் இதில் பாடம் உண்டு. ஒரு பக்கம் வழி உடைத்த வில்லியனூர்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்தால், பிளாஸ்டிக் குகையைவிட நல்ல பதுங்குமிடம். விளிம்பை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

மழைக்காலமும் மின்வெட்டும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எதிரி தேங்கிய ஈரம். அதிக ஈரம் மட்டும் பால் பைத்தானை அவ்வளவு கெடுக்காது. காற்றோட்டம் இல்லாமல், அடித்தரை நனைந்தே கிடக்கும்போதுதான் வயிற்றுச் செதில் அழுகலும் மூச்சுக்குழாய்த் தொற்றும் வருகின்றன. ஆகவே இந்த மாதங்களில் வலை மூடி நல்லது. நார்த்தூளுக்குப் பதில் செய்தித்தாள் போட்டு, நனைந்ததும் மாற்றலாம். அழகில்லை, ஆனால் பூசணம் பிடிக்காது. ஏசி அறைக்காரருக்கு இதே யோசனை தலைகீழ்: வலை மூடியில் முக்கால் பாகத்தை அக்ரிலிக் தகடால் மூட வேண்டும், அகன்ற தண்ணீர்க் கிண்ணத்தைச் சூடான முனைக்கு நகர்த்த வேண்டும், மேலே தெளிக்காமல் மூலையில் ஊற்றி நார்த்தூளின் அடிப்பகுதியை மட்டும் ஈரமாக்க வேண்டும்.

மின்வெட்டைப் பற்றிய பயம் பெரும்பாலும் தப்பான மாதத்தில் வருகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் வந்தபோது கடலூரில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் ஹீட்டர் நின்றால், மூடிய வீட்டுக்குள் வெப்பம் பெரும்பாலும் 23, 24க்குக் கீழே இறங்காது. நல்ல உடம்புள்ள பெரிய பால் பைத்தான் காலி வயிற்றோடு சில நாள் இதைத் தாங்கும். தாங்காதது வயிற்றில் எலி இருக்கும்போது வரும் குளிர். புயல் எச்சரிக்கை வந்தால் அந்த வாரத் தீனியைத் தள்ளிப்போடுங்கள்; செய்ய வேண்டிய முதல் ஏற்பாடு அதுதான். மே மாத மதியம் இரண்டு மணிநேரம் மின்சாரம் போய் ஏசி நிற்பது இதைவிடப் பெரிய அபாயம்.

சட்டை உரிக்கும் நாட்கள்

சட்டை உரிப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் பாம்பின் நிறம் மங்கும், கண் பால் ஊற்றியதுபோல் நீலம் பாரிக்கும். பிறகு கண் தெளியும். தெளிந்த சில நாளில் உரியும். உதட்டோரம் தொடங்கி, காலுறையைக் கழற்றுவதுபோல உள்புறம் வெளியாக, வால் நுனி வரை ஒரே துண்டாக வந்தால் ஈரப்பதம் சரியாக இருந்தது என்று பொருள். துண்டாக வந்தால் வறட்சியைச் சந்தேகிக்கலாம்.

அதற்காக மொத்தப் பெட்டியையும் நனைக்கத் தேவையில்லை. பால் பைத்தானின் சொந்த ஊரான மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளியில் மேலே காற்று வறண்டிருக்கும்; பாம்பு எலிவளையிலும் கறையான் புற்றிலும் பதுங்கும்போது உள்ளே ஈரம் இருக்கும். அதையே பெட்டியில் செய்யலாம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழையும் அளவு ஓட்டை போட்டு, விளிம்பைத் தேய்த்து, உள்ளே பிழிந்த ஈரப்பாசியோ நார்த்தூளோ நிரப்பிச் சூடான முனைக்கும் நடுவுக்கும் இடையே வையுங்கள். பிழிந்தால் ஒரு சொட்டு விழக்கூடாது. அந்தப் பதம்தான் கணக்கு. வேண்டும்போது பாம்பே உள்ளே போகும்.

கண் மேலே பழைய படலம் ஒட்டிக்கொண்டால் நகத்தாலோ இடுக்கியாலோ பிடுங்கக் கூடாது. அடியில் உள்ள கண்ணாடிச் செதிலும் சேர்ந்து வந்துவிடும். ஈர டப்பாவில் ஒருநாள் விட்டு, அடுத்த உரிப்பு வரை பொறுத்துப் பார்க்கலாம். இரண்டு உரிப்பு தாண்டியும் இருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போவது

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, மூச்சில் சீழ்க்கைச் சத்தம், மூக்கில் அல்லது வாயோரத்தில் நுரை, அடிவயிற்றில் கொப்புளம் அல்லது சிவப்பு, ஒரே வாரத்தில் இரண்டாவது வாந்தி. இதில் எது தெரிந்தாலும் மீட்டரைத் திருத்திக்கொண்டு காத்திருக்காதீர்கள். எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை. புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வனவற்றைப் பார்ப்பவர் யார் என்று பாம்பு நன்றாக இருக்கும்போதே அங்கே விசாரித்து எண்ணைக் குறித்துவைப்பது நல்லது. கொண்டுபோகும்போது பாம்பைத் தலையணை உறையில் விட்டு வாயை முடிச்சிட்டு, காற்றோட்டத் துளையுள்ள டப்பாவில் வையுங்கள். பதிவுத் தாளின் நகல் கையில் இருக்கட்டும். வழியில் டீ குடிக்க இறங்கினால் டப்பாவையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் கார் பத்து நிமிடத்திலேயே ஆபத்தான சூட்டுக்குப் போய்விடும்.